கோடிகாட்டு: எடுத்துக்காட்டுகள் தேவை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகைத் தவிர மற்ற பாகங்கள் சௌக்கியம். முதுகு அகராதிக்குச் சொந்தம், அதைப் பற்றிக் கேட்காதே. உன் இருமல் நின்றதா? அப்பாவின் கால் எப்படி இருக்கிறது?

ஓர் உதவி வேண்டும். பதினோரு மாதமாகக் ககர வரிசையிலேயே கிடக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஒருவழியாகக் 'கோ'வுக்கு வந்து சேர்ந்தோம். கோடரி, கோடாலி எல்லாம் தகராறு பண்ணாமல் அடங்கிவிட்டன. 'கோடிகாட்டு' என்ற வினைச்சொல்லிடம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. 'குறிப்பாக உணர்த்து' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம் என்றேன். எங்கள் தலைமை ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. (அலுவலகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். எந்த வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவார். முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தால் திட்டு விழும்.) யார் கோடிகாட்டுகிறார், யாரிடம், எதை, வாயைத் திறந்து நேராகச் சொல்ல அவருக்கு என்ன கேடு என்பதெல்லாம் தெரிய வேண்டுமாம்.

எங்கள் சட்டம் உனக்குத் தெரியும். எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது. யாராவது நிஜமாகவே சொன்னதாகவோ எழுதியதாகவோ இருக்க வேண்டும், தேதியோடு அட்டையில் ஏற வேண்டும். கோடிகாட்டுவதில் நம் வீட்டை மிஞ்சிய வீடு இந்த உலகத்தில் உண்டா? உனக்கு ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே, போனில் சொன்னது அட்டையில் ஏறாது.

பதிலை எதிர்பார்த்து மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கும்
தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் நின்றுவிட்டது. அப்பாவின் கால் அப்படியேதான் இருக்கிறது. குளியலறையில் விழுந்து இரண்டு வருடமாகியும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். அடுப்பிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்க முடியாது. மத்தியானம் நான் ஓடிவந்து சாப்பாடு போட்டு, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுகிறேன்.

எழுபத்தாறு வயதில் அப்பா இன்றுவரை தண்ணீர் வேண்டும் என்று கேட்டதில்லை. நேற்று மதியம் சொன்னது இது: "இந்த வெயில்ல பக்கத்து வீட்டுப் பூனைகூட நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுது." நான் தம்ளரோடு போனேன். விளக்கைப் போடச் சொல்ல வேண்டுமானால், இந்தத் தெருவில் எல்லாரும் சீக்கிரமே விளக்குப் போட்டுவிடுகிறார்கள் என்பார். எழுதிக்கொள், தேதி பிப்ரவரி 20.

இன்னொரு சமாச்சாரம். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத் துறைமுகம் இருக்கிற ஊரில் ஒரு கிளை திறக்கிறார்கள். இங்கிருந்து ஒரு நாள் ரயில். என்னைப் பொறுப்பாளராக வரச் சொல்கிறார்கள். பத்தொன்பது வருடமாகப் பாட்டில் தண்ணீரில் மருந்துத் துளி விட்டு, இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்த்தவளுக்கு ஏழு பேர் கொண்ட கூடம், புதுக் கருவிகள், கதவில் பெயர்ப்பலகை. அப்பா இருக்கிறாரே, எப்படி முடியும் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் ஜூன் முப்பதுக்குள் முடிவை எழுதித் தரும்படி காகிதத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். அது கைப்பையில் இருக்கிறது. எனக்குக் கல்யாணப் பேச்சு ஓய்ந்தே பத்து வருடமாகிறது, இந்த வயதில் என்னைத் தேடி ஒரு காகிதம் வருவதே வேடிக்கைதான்.

உன் வீட்டில் இரண்டாவது அறை சும்மாதானே கிடக்கிறது? அதில் வெயில் வருமா? சும்மா கேட்டேன்.

அக்கா

கடிதம் பதினெட்டு கிராம். தபால்தலை சரி. பூனை விஷயம் மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அப்பா.

(தராசு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறியவர் வீட்டுக் கடிதத்தை மட்டும் விடுவாரா? உன் ஞாபகத்துக்கு எழுதுகிறேன்: நான் எழுதுவதை உறையில் போடுமுன் அவர்தான் நிறுத்துப் பார்த்து, படித்துப் பார்த்து, ஒரு வரி சேர்க்கிறார். இந்த அடைப்புக்குறியையும் படிப்பார்.)

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், அப்பாவும் நீயும் அப்படியே இருக்க வேண்டும். பூனை அலுவலகத்தில் பெரிய வெற்றி. அரைப்புள்ளி இரண்டு முறை சிரித்தார், நடுவில் நிறுத்தி.

உன் கடிதத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்காத அளவுக்கு இந்தச் சொல்லின் மேல் ஆசை வந்துவிட்டது. அண்டை வீட்டுச் சொற்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தேன். குத்திக்காட்டினால் கேட்கிறவருக்கு வலிக்க வேண்டும். சுட்டிக்காட்டினால் ஒளிவு மறைவு கூடாது. சாடை பேசுகிறவருக்குக் கோபம் இருக்க வேண்டும், யாரையோ சொல்வது போல எதிரில் இருப்பவரைச் சொல்ல வேண்டும். கோடிகாட்டுகிறவர் இவர்களில் சேர மாட்டார். அவருக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று திரும்பிக் கேட்க ஒரு வழியையும் வைத்துக்கொள்கிறார். என்ன ஒரு மரியாதையான தந்திரம் பார். இதை எப்படி நான்கு வரியில் அடக்குவது என்று தெரியவில்லை.

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். உன்னைத் தேடி வந்ததே பெரிய கௌரவம்.

இரண்டாவது அறையில் வெயில் வரும். அகராதி அட்டைகள் அடங்கிய பெட்டிகள்தான் அறை முழுக்க. ககரம் மட்டும் நாற்பத்தொரு பெட்டி. அலுவலகத்துக்கு மேல்மாடி என்பதால் கீழே வைக்க இடமில்லாததை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். இருபத்திரண்டு படி ஏறி நானே சுமந்தேன். முதுகின் கதை அதுதான்.

மேலும் எடுத்துக்காட்டுகள் அனுப்பு, குறிப்பாகப் பெண்கள் கோடிகாட்டுவது.

தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அப்பாவும் நலம், முன்னைவிடவே நலம். போன வாரம் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, காலுக்கு வேலை கொடுக்கலாம், நிதானமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறினால் முழங்காலுக்கு நல்லதுதான் என்றார். இருபது இருபத்திரண்டு படி வரைக்கும் பயமில்லையாம். எத்தனை படி என்று அவராகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன்.

பெண்கள் கோடிகாட்டுவது கேட்டாயே, இதோ. எல்லாம் நிஜமாக எழுதப்பட்டவை, தேதி மார்ச் 30, எழுதியவள் நான்.

ஒன்று: பெட்டிகளை ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்றலாம் என்று அக்கா கோடிகாட்டினாள்.

இரண்டு: மேல்மாடியில் இருப்பவன் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம், யாருக்காவது மாத்திரை கொடுக்க வேண்டுமென்றாலும் கொடுக்கலாம் என்று அக்கா கோடிகாட்டினாள்.

மூன்று: ஜூன் மாதத்துக்கு முப்பது நாள்தான் என்று அக்கா கோடிகாட்டினாள்.

இவை போதுமா, இன்னும் வேண்டுமா என்று எழுது.

புதுக் கிளையின் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கிறது. எனக்கென்ன அதைப் பற்றி. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

அக்கா

பதினான்கு கிராம். முன்னைவிடக் குறைவு. வாக்கியங்கள் தெளிவாக இருக்கின்றன. அப்பா.

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். அச்சுப்படி திருத்தும் வேலை தலைக்கு மேல். உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

உன் மூன்று வாக்கியங்களையும் அரைப்புள்ளியிடம் கொடுத்தேன். ஏற்கவில்லை. "இது யாரோ அகராதிக்குன்னே உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கு" என்றார். நிஜமான தேவை உள்ளவர்கள் இப்படி எழுத மாட்டார்களாம். நான் உனக்காக வாதாடினேன், எடுபடவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் அந்தப் பேச்சில் ஓர் அருமையான கேள்வி கிளம்பியது, நாலு நாளாக அலுவலகமே அதைத்தான் பேசுகிறது. ஒருவர் கோடிகாட்டுகிறார், எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள். அப்போது அவர் கோடிகாட்டினார் என்று சொல்லலாமா? கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் திறக்காவிட்டாலும் தட்டியது தட்டியதுதான். ஆனால் ஒருவருக்கு ஒன்றைப் புரியவைத்தேன் என்றால் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கோடிகாட்டு எந்தக் கட்சி? தட்டுகிற கட்சி என்கிறேன் நான். சொல்பவர் சொன்னதோடு வினை முடிந்தது. கேட்பவர் அதில் சேர்த்தி இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?

தம்பி

மே 25

தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம்.

உன் அரைப்புள்ளியிடம் சொல்: நிஜமான தேவை உள்ளவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

உன் கேள்விக்குப் பதில். கேட்பவரும் சேர்த்திதான். நான் தண்ணீரில் துளி விடுகிறேன். நிறம் மாற வேண்டியது தண்ணீருடைய வேலை. மாறவில்லை என்றால் தண்ணீரில் ஏதோ இல்லை என்றுதான் எழுதுவேன், நான் துளி விட்டது தப்பு என்று எழுத மாட்டேன். அப்பா பூனையைப் பற்றிப் பேசினால் நான் தம்ளரோடு போகிறேன். நான் போகாவிட்டால் அவர் வெறுமனே பூனையைப் பற்றிப் பேசிய கிழவர், அவ்வளவுதான். கோடிகாட்டுகிறவர் பாதியைத்தான் செய்கிறார். மீதியைச் செய்ய ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் வாயைத் திறக்கிறார்.

இதை அட்டையில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கிறது.

அக்கா

ஒன்பது கிராம். அப்பா.

ஜூன் 16

சிரஞ்சீவி மகனுக்கு அப்பா எழுதுவது.

நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டியது.

பால் கொண்டுவருகிறவரிடம் கொடுத்து இதைப் பெட்டியில் போடச் சொல்கிறேன். உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். விசேஷம் ஒன்றுமில்லை. பொழுது போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் இருப்பிடத்துக்கு இருபத்திரண்டு படி என்று எழுதியிருந்தாய். நம் வீட்டில் மொட்டைமாடிக்குப் பதினெட்டு. ஒவ்வொரு படியும் ஏழு அங்குல உயரம், அளந்து பார்த்தேன். அவள் வேலைக்குப் போனதும் கைப்பிடியைப் பிடித்து ஏறிப் பழகுகிறேன். ஏப்ரலில் நான்கு படி. மே மாதம் ஒன்பது. நேற்று பதின்மூன்று. இறங்குவதுதான் கொஞ்சம் சிரமம், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன். உடற்பயிற்சிக்காகத்தான்.

உன் வீட்டுப் படிகளுக்குக் கைப்பிடி உண்டா, அது வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை முடிந்தால் எழுதவும். கட்டாயமில்லை.

அப்பா

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதம் எத்தனை கிராம் என்றும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா படிக்காமல் நான் எழுதும் முதல் கடிதம். இதற்கு முன்பே இங்கிருந்து எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். நாலு தடவை தாளை எடுத்தேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிப் பேசுவது, ஒரு சாமானை எங்கே வைக்கலாம் என்று இரண்டு பேர் குசுகுசுப்பது போல இருந்தது. அதோடு, நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். அக்கா கேட்டுத் தம்பி கொடுப்பதற்கும் தம்பியே கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? அந்த வித்தியாசத்துக்கு ஆசைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "அப்பா, எனக்கு அந்த வேலை வேணும். நான் போறேன். நீங்க தம்பி வீட்டுல இருக்கணும்."

என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அப்பா ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அவன் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்."

"கடிதம்?"

"ஆபீஸ் விலாசத்துக்கு எழுதியிருக்கான்."

"கொண்டு வா, பாக்கலாம்."

நேராகப் பேசக் கற்றுக்கொண்ட அன்றைக்கே பொய்யும் பேசியாகிவிட்டது. அதிலிருந்து தினமும் நான் செருப்பைக் கழற்றும்போது மேசைமேல் தராசைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கடிதம் எங்கே என்று கேட்பதில்லை. தராசைத் துடைக்கிறார்.

நேற்று ஜூன் முப்பது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அங்கே இருக்க வேண்டும். இப்போது உன்னிடம் கோடிகாட்டவில்லை, கேட்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொள். நீ கூப்பிட்டதாக ஒரு தாள் எழுதி அனுப்பு. ஜூன் இருபத்தைந்து என்று தேதி போடு. தேதி விஷயத்தில் நீ எவ்வளவு கறார் என்று தெரியும், இந்த ஒரு தடவை எனக்காகப் போடு.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். அதற்கு மேல் நலம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. கூடத்து விலாசத்துக்கு அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது பிரி.

எனக்குப் புரிந்தது. மார்ச் மாதக் கடிதத்தில் அல்ல, பிப்ரவரியிலேயே, வெயில் வருமா என்று நீ கேட்ட அந்த வரியிலேயே புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வயிற்றைக் கழுவுகிறவனுக்கு இதுகூடப் புரியாதா? அறையில் பெட்டிகள் நாற்பத்தொன்று என்றேனே, உண்மையில் பதினேழு. உன் மூன்று வாக்கியங்களை அரைப்புள்ளியிடம் நான் காட்டவே இல்லை. அவர் சொன்னதாக எழுதியது என் சொந்தச் சரக்கு. கேட்பவர் அதில் சேர்த்தி இல்லை என்று வாதாடியது அகராதிக்காக அல்ல, நான் தப்பித்துக்கொள்வதற்காக.

காரணம் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டு. நில அளவை அலுவலக வேலையை விட்டுவிட்டு இங்கே கிளம்பிய அன்று, நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா உன்னிடம் சொன்னார்: "அந்தப் பெரிய பெட்டியையே குடுத்துடு. சின்னப் பெட்டியோட போறவங்கதான் பாதியில திரும்பி வருவாங்க." எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். திரும்பி வராதே என்று எடுத்துக்கொண்டேன். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மூன்று தடவை வந்தேன், தடவைக்கு இரண்டு நாள். அவரோடு ஒரே வீட்டில், இடையில் நீயும் இல்லாமல், அவர் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிக்கொண்டே வாழ வேண்டுமே என்று பயந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

போன மாதம் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என்ன எழுதியிருந்தார் என்று சொல்ல மாட்டேன். பத்து நாள் அதை வைத்துக்கொண்டு அலைந்தேன். உன் ஜூன் முப்பது தாண்டிவிட்டது, நீ என்ன எழுதிக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் வந்து உங்கள் அதிகாரி காலில் விழ வேண்டும் என்றாலும் விழுகிறேன்.

உள்ளே ஒரு தாள் தனியாக இருக்கிறது. அதை அப்பாவிடம் கொடு.

தம்பி

(தனித் தாள்)

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே வந்து என்னோடு இருங்கள். அறையைக் காலி செய்துவிட்டேன். கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கமும் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன்.

மகன்

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலம், நானும் நலம், இதை இருவரும் தனித்தனியாக உனக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறோம். கதவில் உன் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டதா? கடல் எப்படி இருக்கிறது?

அப்பா வந்த அன்று இருபத்திரண்டு படிக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. யாரும் கை கொடுக்கக் கூடாது என்றார். பாதி வழியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த அலுவலக அறிவிப்புகளை எல்லாம் படித்து இரண்டு பிழை கண்டுபிடித்தார். அரைப்புள்ளி கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது இருவரும் சிநேகம். மாலையில் அரைப்புள்ளி மேலே வருகிறார். அவர் பாதியில் நிறுத்துகிறார், அப்பா மீதியைச் சொல்லாமலே விடுகிறார். ஒரு மணி நேரம் பேசினால் முழு வாக்கியம் ஒன்றுகூடத் தேறாது. இருவருக்கும் பரம திருப்தி.

நம் கேள்வியை அப்பாவிடமே கேட்டார்கள். கேட்பவருக்குப் புரியாவிட்டால் அது கோடிகாட்டியது ஆகுமா என்று. அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "புரியலைன்னா சொன்னவங்க இன்னொரு தடவை சொல்லணும். புரிஞ்சும் சும்மா இருந்தா, அதுக்கு வேற சொல் தேடுங்க." நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன். உன் கட்சி ஜெயித்தது. கேட்பவருக்கும் வரையறையில் இடம் கொடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டோம்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்தப் பெரிய பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை, அக்கா. சின்னப் பெட்டிக்குத் தாழ்ப்பாள் சரியில்லையே என்று மட்டும் சொன்னார். இதில் எதை நம்புவது என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் பன்னிரண்டு வருடம் போனது போனதுதான். அன்று வெகுநேரம் எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை.

நான் எழுதிய தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறார். நீ சொன்ன தேதியை நான் போடவில்லையே, உன் கடிதம் எனக்குக் கிடைக்குமுன் என்னுடையது கிளம்பிவிட்டது. அதனால் கேட்டேன், தேதியைப் பார்த்தீர்களா என்று. "எடை பாத்தேன். தேதி பாக்கலை" என்றார்.

தம்பி

செப்டம்பர் 6

என் மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உன் தம்பி படிக்கவில்லை. தராசு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது, ஆகவே தபால்தலை குறைவாக இருந்தால் நீதான் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவன் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறான். நான் ஒன்று சொன்னால் அவன் மூன்று அர்த்தம் யோசித்துவிட்டு மூன்றையும் செய்து கொண்டுவருகிறான். நேற்று ஜன்னலைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தான், பிறகு சாத்தினான், பிறகு திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போய்விட்டான். போகப் போகச் சரியாகிவிடும்.

நான் எழுத வந்தது வேறு. மூன்று தாள் கிழித்துப் போட்டேன். முதல் தாளில் இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை போலிருக்கிறது என்று எழுதினேன். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவதில் இந்தத் தெருவில் யார் வீட்டுப் பெண்ணோ ஆறு மணிக்கு வேலை முடிந்து திரும்புவதைப் பற்றி எழுதினேன். மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று சொல்லப்போவதில்லை. எதை எழுதினாலும் நீ புரிந்துகொள்வாய். புரிந்தால் வேலையை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்து நிற்பாய். உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

ஆகவே நேராகவே எழுதுகிறேன். நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வராதே.

அப்பா